வாக்கெடுப்பு நாளில் வந்த புனிதர்

மாலையில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. பவுண்டரியில் உலை முன்னால் நின்றவர்களுக்குச் சீக்கிரமே ஓய்வூதியம் தரும் சட்டம். நிறைவேறினால் இந்தக் குளிர்காலத்திலேயே நான் வீட்டில் உட்காரலாம். இல்லையென்றால் இந்த நுரையீரலோடு இன்னும் ஐந்து வருடம். எங்கள் தொகுதி உறுப்பினன் ஓப்ராத் பெல்கிரேடுக்குப் போகவில்லை. வீட்டில் ஸ்லாவா, பரம்பரைப் புனிதரின் விருந்து நாள், என்று உள்ளூர் வானொலியில் சொன்னான்.

"இன்னைக்குப் புனிதர் திமித்ரி நாள். அவங்கப்பன் வீட்டுப் புனிதர் நிக்கோலா, அதுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கெடக்கு," என்றான் பக்கத்து உலையில் நிற்கும் விதோயே. "அப்பன் கும்பிட்டவரையே மாத்துறவன் நம்மள மாத்த எவ்வளவு நேரமாகும் மிலுனு?"

போன வாக்கெடுப்புக்கு அவனுக்குப் பல்வலி. அதற்கு முன்னால் வழியெல்லாம் பனி என்றான். அன்று இங்கே சட்டையைக் கழற்றிப் போடும்படி வெயில்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவனை வாசலில் நிறுத்துவதும் இல்லை. வேலை முடிந்ததும் கரிச் சட்டையோடு போனோம்.

கதவைத் திறந்த அவன் மனைவி தெசங்காவுக்கு முகம் வெளுத்தது. "உள்ள வாங்க," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். மேசையில் ஸ்லாவாவுக்கு வைக்கிற ரொட்டியும் இல்லை, அவித்த கோதுமையும் இல்லை. ஓப்ராத் டிவியில் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவர்ப் படத்தில் நிக்கோலா, நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. திமித்ரியோ படங்களில் மீசைகூட முளைக்காத இளைஞர்.

விதோயே சிலுவை போட்டுக்கொண்டான். "திமித்ரிக்கு ஒரே நாள்ல தாடி வளந்துருச்சே. நல்ல நாளும் அதுவுமா வழிச்சு விடக் கூடாதா தம்பி?"

"இது மாமனார் வழி ஸ்லாவா அண்ணே," என்றான் ஓப்ராத்.

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது.

"போக வேணாம்னது யாரு? கட்சியா, முதலாளியா?" என்றேன்.

"நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேனா மிலுன் அண்ணே?"

"போட்டிருந்தா உன்னைத் திட்டிட்டுப் போயிருவேன். போகாதவன என்னன்னு திட்டுறது?"

அப்போது சபைத் தலைவர் அறிவித்தார்: உறுப்பினர்கள் போதவில்லை, வாக்கெடுப்பு நாளைக் காலை. ஓப்ராத் டிவியை அணைத்தான். விதோயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நல்லதாப் போச்சு. நாங்க இங்கயே இருக்கோம். விடியறதுக்குள்ள என் வண்டியிலயே கிளம்பிரலாம்."

"காலையில இருந்தே எனக்கு நெஞ்சு ஒரு மாதிரியா..."

"போற வழியில ஆஸ்பத்திரி இருக்கு. காட்டிட்டே போலாம்."

எங்களை எழுந்து போகச் சொல்ல வேண்டுமானால், இன்று ஸ்லாவா இல்லை என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். அவன் எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டான். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது; நிற்கவே இல்லை.

தெசங்கா ராக்கியா பாட்டிலோடு வந்தாள்.

"உள்ள ஜன்னல் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கு அண்ணே." என் கோப்பையில் சாராயத்தை ஊற்றினாள். "சின்னதுதான். கம்பி கிடையாது."

விதோயே தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனான்.