பன்னிரண்டு மணி நேர மாத்திரை

கொடியில் என் மனைவி தேன்மொழியின் நூல் சேலைகள் தகரம்போல் விறைத்து நின்றன. ஐந்து. இனி யாரும் உடுத்தப்போவதில்லை. அவள் அம்மா, என் அத்தை, ஆறாவதைப் பிழிந்துகொண்டிருந்தாள். துவைக்கிற கல்லில் தேன்மொழியின் மாவு பாட்டில் திறந்து கிடந்தது.

"அத்தே, இத ஏன் எடுத்தீங்க?"

"சேலைக்கு நடுவுல இருந்தா கஞ்சி மாவுன்னுதான மருமவனே நெனப்பேன்? புளியங்கொட்ட மாவு எனக்குத் தெரியாதா? மில்லுல உங்க மாமா நூலுக்குக் கஞ்சி போட்டதே இதுலதான்." கையை உதறினாள். "ஆனா இது என்ன மாயமோ, காய்ச்சாமலே பச்சத் தண்ணியில கரைஞ்சிட்டு."

வாசலில் நின்ற லில்லி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தேன்மொழியோடு ஒரே ஆய்வகத்தில் இருந்தவள். பாட்டிலுக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து விக்கிரமசிங்கபுரத்துக்கு பஸ் ஏறி வந்திருந்தாள்.

"அப்படிக் கரைய வைக்கத்தான்ம்மா அவ மூணு வருசம் சீரழிஞ்சா."

அத்தை வாளியைப் பார்த்தாள். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

புளியங்கொட்டைப் பசையை வேதிமுறையில் மாற்றி, அதில் மருந்தைக் கலந்து மாத்திரையாக்குவது தேன்மொழியின் ஆராய்ச்சி. வயிற்றுக்குள் பசை உப்பி மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு மணி நேரம் கொஞ்சங்கொஞ்சமாக விடும். அவள் கட்டுரையை வெளியிட, ஆய்விதழில் அதே மாவில் இன்னொரு சோதனை கேட்டிருந்தார்கள். அந்த மாவு இந்த பாட்டிலில் மட்டும்தான் இருந்தது. அந்தச் சோதனைக்குக் கருவி இருந்த வேறொரு கல்லூரிக்குக் கொண்டுபோக வீட்டுக்கு எடுத்து வந்தாள். அன்று காய்ச்சல். ஒன்பதாம் நாள் அவள் இல்லை.

தேடுகிறேன் என்று இரண்டு மாதமாக லில்லியிடம் சொல்லிவந்தேன். பொய். சேலைகளுக்கு நடுவே ஒளித்துவைத்தது நான். தினமும் திறந்து பார்ப்பேன். அதற்கு வாசனைகூடக் கிடையாது. இன்று லில்லியே தேட வந்துவிட்டாள்.

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஆறு மாத்திரைக்குக் காணும். சோதனைக்கு அது போதும். கொண்டு போவட்டுமாண்ணே?"

"முழுசும் வேணுமா?"

"முழுசும் வேணும்."

"குடுத்துருங்க மருமவனே," என்றாள் அத்தை. "இல்லன்னா மிச்சத்தையும் சேலையிலதான் போடுவேன்."

மூடியை நானே இறுக்கிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனேன். ஒரு தண்ணீர்த் தொட்டியில் ஆறு கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை, மேலே சுழலும் துடுப்பு. லில்லி மணிக்கொரு தடவை ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தாள்.

"இது சாயங்காலம் ஏழு வரைக்கும் ஓடும். நீங்க போங்கண்ணே."

"இருக்கேன்."

மூன்று மணிக்கு மாத்திரைகள் இரு மடங்காக உப்பியிருந்தன. ஓரமெல்லாம் பனநுங்குபோல் தெளிந்து, இன்னும் நனையாத வெள்ளை நடுவுக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி சூடா?"

"முப்பத்தேழு டிகிரி. ஒடம்புச் சூடு."

அவள் அடுத்த அறைக்குப் போனதும் தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். எடுக்கவில்லை. நான்காவது குடுவையில், மிளகளவு, வெள்ளை இன்னும் இருந்தது.