பாலத்தில் சைக்கிள்: பூஜ்யம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம். நான் எழுதிய முதல் புனைகதை ஓர் அட்டவணை. நகராட்சி அதை நம்பி ஒரு பாதையே போட்டுவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: "மழைக்காலக் காலையொன்றில், நகரம் தன் பாதசாரிகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கி..."

வேண்டாம். நகரத்தின் மேல் பழியைப் போடப் பார்க்கிறேன்.

தொடக்கம் இரண்டு: நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் தனிப்பாதை போட முடிவானது. ஆற்றுப் பாலத்திலா, ஏரிக்கரையிலா என்று கேள்வி. எங்கே ஆள் அதிகமோ அங்கே. எண்ணுவதற்கு என்னைப் பிடித்தார்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை நின்று, ஓர் ஆள் போனால் தாளில் ஒரு கோடு போட வேண்டும். திங்கள் ஏரிக்கரை, செவ்வாய் பாலம்.

திங்களன்று ஒழுங்காக எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு கோடு. செவ்வாயன்று மழை கொட்டியது. போர்வையை விட்டு எழவில்லை. இந்த மழையில் எவன் சைக்கிள் மிதிக்கப்போகிறான் என்று படுத்தபடியே பாலத்தின் தாளை நிரப்பினேன். சைக்கிள்: பூஜ்யம். எல்லாமே பூஜ்யம் என்றால் சந்தேகம் வரும். அதனால் நடப்பவர்கள்: பதினான்கு. குறிப்புப் பத்தியில், "ஒருவர் கிழிந்த குடையுடன்."*

* அந்தக் குடையை நினைத்து அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

3

பாதை ஏரிக்கரைக்குப் போனது. அழகாகவே இருக்கிறது.

இனி அக்கா வர வேண்டும். இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நம்புகிற ஒருத்தியை வாசகர் நம்புவாரா? கொஞ்சம் சிடுசிடுப்பு சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. தினமும் அந்தப் பாலத்தின் மேல்தான் சைக்கிள். போன வாரம் ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்ததில் கைப்பிடிச் சுவரோடு ஒதுங்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள்.

"உன்னை ஒண்ணு கேக்கணும்டா. அன்னைக்கு என்னை எழுதினியா?"

"என்னைக்கு?"

"பாலத்துல ஆள் எண்ணினியே, அன்னைக்குத்தான். மழையில உன்னைக் கண்ணுலயே காணோம். நீ எங்கயோ ஒதுங்கி நிக்கிறேன்னு நெனச்சேன். உனக்குக் கேக்கட்டும்னு மணி அடிச்சுக்கிட்டே போனேன். அப்புறம் திரும்பி வந்து இன்னொரு தடவை போனேன்."

"எதுக்குக்கா?"

"ஒரு கோடு கூட விழட்டும்னுதான். கள்ள ஓட்டு." சிரித்தாள். "லேட்டா வந்தேன்னு சலவைக்கூடத்துல திட்டு வேற. நீ ஒண்ணா எழுதினியா, ரெண்டா?"

[என் பதிலை மூன்று முறை மாற்றி எழுதினேன். "உன்னை எழுதவே இல்லைக்கா" என்று நான் சொல்வது கதைக்கு நன்றாக இருந்தது. ஆனால் அப்படிச் சொல்லவில்லை.]

"ரெண்டு," என்றேன்.

"திருட்டுப் பய," என்றாள் சந்தோஷமாக. "அப்போ நீ சரியாத்தான் எண்ணியிருக்கே. அப்படியும் பாதை ஏரிக்கரைக்குப் போச்சுன்னா, ஆபீஸ்ல எவனோ மாத்திட்டான். பாலத்துக்கும் பாதை வேணும்னு ஒரு மனு எழுதிக் குடு. கணக்கு தப்புன்னும் எழுது. உனக்குத்தான் எழுத வருமே."

வெட்கத்தில் அவளுடைய கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

முடிவு அ: அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். (எழுத எளிது. செருப்பை மாட்டுவதுதான் கஷ்டம்.)

முடிவு ஆ: அக்காவுக்கு எப்படியோ தெரிந்துபோய், அவள் என்னைப் பார்த்து...

முடியவில்லை.

மனு மேசைமேல் இருக்கிறது. "எண்ணிக்கை தவறானதற்குக் காரணம்:" என்பதுவரை எழுதிவிட்டேன். காரணம் இப்போது உங்களுக்கும் தெரியும். அந்த வரியை நீங்கள் முடித்துக்கொடுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவையும் எழுதினேன் போலிருக்கிறது.

உண்மையையே எழுதுங்கள், அல்லது ஆபீஸ்காரர் யார் மேலாவது பழியைப் போடுங்கள். எதை எழுதினாலும் அக்கா படித்துப் பார்க்க மாட்டாள். நான் எழுதியது என்றால் அவளுக்கு அதுவே போதும். கீழே கையெழுத்துப் போடுவதற்காக இரண்டு நாளாக இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.