செசிலி சொன்ன வாக்கியம்

ஐந்தாவது பாட்டை அனில்குமார் ஸ்பீக்கரில் ஓடவிட்டபோது பிரீனாவின் தலை தானாக ஆடியது. ஆடாமல் கேட்க முடியாத பாட்டு. அவளுடைய பேஸ் கிட்டார் அடியில் உருண்டுகொண்டிருந்தது. ஜெஸ்பினின் டிரம்ஸ் அதை நெட்டித் தள்ளியது. நடுவே ஒரு பெண்ணின் பேச்சுக்குரல் திரும்பத் திரும்ப வந்தது: "அவரு... போயிட்டாரு. அவரு... போயிட்டாரு." ஒவ்வொரு முறையும் அதற்குப் பதில் சொல்வதுபோல ஸ்டெனியின் சாக்ஸபோன் எழுந்து அடங்கியது.

"இந்த ஒண்ணு போதும் மக்கா நமக்கு," என்றான் ஜெஸ்பின்.

கோட்டாறில் அனில்குமாரின் அப்பா வைத்திருந்த மளிகை மொத்தக்கடையின் மாடியில்தான் அவர்கள் கூடுவார்கள். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளையும் முட்டைத் தட்டுகளையும் ஆணியடித்து வைத்திருந்தார்கள். கீழேயிருந்து மல்லி வாசமும் வற்றல் நெடியும் ஏறிவரும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது வாசிப்பை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் யாராவது டீ வாங்கி வருவார்கள். கீபோர்டும் ஒலிப்பதிவும் அனில்குமார். பாடுவது அவன் தங்கை அஞ்சலி. ஸ்டெனி கல்யாண வீடுகளிலும் கோயில் திருநாள்களிலும் பேண்டு செட்டில் சாக்ஸபோன் ஊதிப் பழகியவன். பிரீனா மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சபையில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் குவைத்துக்குப் போய்விட, சும்மா கிடந்த கிட்டாரை எடுத்து வாசிக்க ஆரம்பித்தவள், அதை அப்புறம் கீழே வைக்கவில்லை.

குழுவுக்கு, ஊர் வாய்க்கால் கரையை நினைத்து, 'சானல்கரை' என்று பெயர் வைத்தார்கள். வாசித்தது ஃபங்க்கும் ஆசிட் ஜாஸும். காதுக்கு முன்னால் இடுப்புக்குப் புரிகிற இசை. பிரீனாவின் அம்மா செல்லபாய் ஆசிட் ஜாஸ் என்ற பெயரைக் கேட்ட அன்று, "பாட்டுல எதுக்குட்டி ஆசிட்டு?" என்று கேட்டார். முதல் ஆல்பத்துக்கு 'மிச்சமுள்ள ஊரு' என்று தலைப்பு. ஒன்பது பாட்டு. மலையை உடைத்து லாரியில் ஏற்றிப் போவதைப் பற்றி ஒன்று, வயல் பிளாட்டானதைப் பற்றி ஒன்று, வளைகுடாவில் ஒரு அறையில் அடுக்குக் கட்டிலில் கிடக்கிறவனைப் பற்றி ஒன்று. இதையெல்லாம் அழுதுகொண்டு சொன்னால் யாரும் நின்று கேட்க மாட்டார்கள், ஆடவிட்டுச் சொல்லலாம் என்பது அனில்குமாரின் எண்ணம். மற்றவர்களுக்கும் அது சரியென்று பட்டது.

ஐந்தாவது பாட்டு ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றியது. அதில் வருவது செசிலியின் குரல். அப்படித் திரும்பாத ஒருவரின் மனைவி; தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருப்பவர். அவர் மகள் அபினா பிரீனாவிடம் படித்தவள். அந்த அறிமுகத்தில்தான் பிரீனா போன வருஷம் ஒரு நல்ல மைக்கைக் கடன் வாங்கிக்கொண்டு போய், கடற்கரையில் உட்கார்த்திவைத்து அவர் பேச்சைப் பதிவு செய்துகொண்டு வந்தாள்.

"செசிலியக்காவுக்கு இதப் போட்டுக் காட்டியாச்சா?" என்று பிரீனா கேட்டாள்.

அனில்குமார் திரும்பிப் பார்த்தான். "எதுக்கு? அவங்க சம்மதம் சொன்னதும் ரெக்கார்டுல கெடக்குல்லா."

"பேசினதப் பாட்டுல போடலாம்னு சொன்னாங்க. பாட்ட கேக்கேல்லியே."

"வெள்ளிக்கிழமை ரிலீசு பிரீனா. கொச்சி ஃபெஸ்டிவல்காரங்க லிங்கு கேட்டுக்கிட்டு இருக்காங்க. இப்பப் போயி ஒண்ணொண்ணா எல்லாருகிட்டயும் கேக்க முடியுமா?"

"எல்லாருகிட்டயும் கேக்கச் சொல்லேல்ல. ஒருத்தங்ககிட்டதான். நான் போய்ட்டு வாறேன்."

மறுநாள் ஸ்டெனியின் பைக்கில் இருவரும் போனார்கள். செசிலியின் கடையில் தைத்து முடித்த நைட்டிகள் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. பிரீனாவைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, "வாருங்க டீச்சர்," என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஸ்டெனியை மேலும் கீழும் பார்த்து, "இவனா ஊதுதவன்?" என்று கேட்டார்.

ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய வலது கால் தையல் மிஷினின் மிதியடியின்மேல் மெல்லத் தட்டத் தொடங்கியது. ஸ்டெனி பிரீனாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கால் நின்றது. பாட்டு முடியும்வரை அசையாமல் இருந்தார்.

"இன்னொரு மட்டம் போடுங்க."

போட்டாள். இரண்டாம் முறை முடிந்ததும் செசிலி ஹெட்போனைக் கழற்றி, வெட்டுத்துணி கிடந்த மேசைமேல் கவனமாக வைத்தார்.

"கொட்டும் கொழலும் நல்லாருக்கு டீச்சர். ஆளுக ஆடுவாங்களோ இதுக்கு?"

"ஆடுவாங்க அக்கா. அதுல உங்களுக்கு வெஷமமா, மனசு நோவுமா?"

"அதுல என்ன வெஷமம். அவரு திருநாளுக்கு பேண்டு செட்டுக்கு முன்னால வேட்டிய மடிச்சுக் கெட்டிட்டு ஆடுன ஆளுதான். ஆடட்டு." அவர் நிறுத்தினார். "ஆனா நான் பறஞ்சது இது இல்ல."

"எது அக்கா?"

"அவரு போயிட்டாரு, அவரு போயிட்டாருன்னு இதுல பறயுதேன். அவரு செத்துப்போனாருன்னு நான் சொல்லுதது மாதிரி இருக்கு. நான் எப்பப் பறஞ்சேன்? 'அவரு கடலுக்குப் போயிட்டாரு, இன்னும் வரேல்ல.' இதுதான் நான் பறஞ்சது."

இந்தக் குரலுக்கு அடியில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பிரீனா வாசித்திருக்கிறாள்! ஒரு சொல் உருவியெடுக்கப்பட்டு, பின்பாதியும் வெட்டப்பட்டிருப்பது அவள் காதில் விழவே இல்லை. தாளத்துக்குள் குரல் கச்சிதமாக உட்கார்ந்ததை மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

ஸ்டெனி தயங்கித் தயங்கி, "அக்கா, தப்பா எடுக்காதீங்க. இவ்வளவு வருஷம் ஆயிப்போச்சு... எல்லாருக்கும் தெரிஞ்ச காரியம்தானே," என்றான்.

செசிலி கோபப்படவில்லை. "எனக்கும் தெரியும்லே. எனக்கு ஒண்ணும் பைத்தியம் இல்ல. சர்ட்டிபிகேட்டுக்கு அலஞ்சு வாங்குனது நான்தான். கோயில்ல ஆத்துமப் பூசைக்குப் பேரு கொடுத்ததும் நான்தான். ஆனா எனக்க வாயால அவரு போயிட்டாருன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருகிட்டயும் பறயேல்ல. அபினாகிட்டகூட. அது எனக்க காரியம். அத நீங்க எனக்க குரல்ல பறய வைக்கக் கூடாது."

வெளியே ஐஸ் ஏற்றிய வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப டி.வி.காரங்க எத்தன பேரு வந்து மைக்க நீட்டுனாங்க," என்றார் செசிலி. "எல்லாரும் அழுத எடத்த மட்டும் போட்டாங்க. நீங்க அவருக்கு என்ன பாட்டு இஷ்டம், எப்பிடிச் சிரிப்பாருன்னெல்லாம் கேட்டிய. அதுனாலதான் பேசுனேன்."

"பாட்டே வேண்டாம்னா எடுத்துருவோம் அக்கா," என்றாள் பிரீனா.

"எடுக்க வேண்டாம். முழுசாப் போடுங்க. முடியாதுன்னா எடுத்துருங்க." அவர் மிஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சாயா குடிச்சிட்டுப் போணும்."

அன்று சாயங்காலமே கோட்டாறு மாடியில் பிரீனா இதைச் சொன்னபோது அனில்குமாரின் முகம் சிவந்தது.

"நான் வேணும்னா மாத்துனேன்? 'கடலுக்கு'ன்னு சொன்ன எடத்துல மைக்குல காத்து அடிச்சுது. வெறும் இரைச்சல். அதத்தான் எடுத்தேன். பின்பாதி தாளத்துக்குள்ள நிக்கேல்ல."

"நீ வேணும்னு செஞ்சேன்னு நான் சொல்லேல்ல. எனக்கும்தான் கேக்கேல்ல. ஆனா இப்பக் கேட்டாச்சே."

"அந்தச் சொல்ல நான் பாடிருதேன்," என்றாள் அஞ்சலி. பாடியும் பார்த்தாள். செசிலியின் பேச்சுக்கு நடுவில் அவளுடைய 'கடலுக்கு' பிறத்தியார் சட்டையில் தைத்த பட்டன் மாதிரி இருந்தது. அனில்குமாரே தலையை ஆட்டி அழித்துவிட்டான்.

பழைய பதிவைத் தேடி எடுத்து முழு வாக்கியத்தையும் போட்டுக் கேட்டார்கள். காற்று 'ப்ஃஃ' என்று வந்து மோதியது. அதற்குள்ளிருந்து 'கடலுக்கு' மங்கலாக, ஆனால் தெரிகிற மாதிரி வெளிவந்தது. பிரீனா அதை நான்கு நான்காக எண்ணிப் பார்த்தாள். பொருந்தவில்லை. வாக்கியம் ஒவ்வொரு முறையும் தாளத்தை விட்டு வெளியே போய் நின்றது.

"ஏழுல விழுது," என்றான் ஜெஸ்பின், குச்சியால் தன் தொடையில் தட்டிக்கொண்டே.

"ஏழுல எவன்லே ஆடுவான்?" அனில்குமார் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். "பாட்டத் தூக்கிருவோம். எட்டுப் பாட்டோட வெளிய விடுவோம். கொச்சியாவது கெடைக்கும்."

"மலையப் பத்தி, வயலப் பத்தியெல்லாம் பாடிட்டு இத மட்டும் தூக்கவா? அவங்க எடுக்கச் சொல்லேல்ல. முழுசாப் போடச் சொன்னாங்க," என்றாள் பிரீனா. "முடியுமான்னு பாக்காமலே விட்டா எப்பிடி?"

அனில்குமார் கணினியை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை ஆல்பம் வரவில்லை. கொச்சியிலிருந்து, அந்த இடத்தை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டதாக மரியாதையான ஒரு மெயில் வந்தது. அனில்குமார் அதை எல்லாருக்கும் அனுப்பினான். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் பிரீனாவிடம் வாசிப்பைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவளுக்கும் வருத்தம்தான். கொச்சி மேடைக்கு எல்லாரையும்விட ஆசைப்பட்டவள் அவள்.

அந்த ஏழு எண்ணிக்கையை ஏழு என்று தெரியாதபடி வாசிக்க ஜெஸ்பின் ஒரு வழி கண்டுபிடித்தான். பிரீனா முதலில் அதன்மேல் நிறையச் சுரங்களை அடுக்கிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நேரே வந்து, களைப்பில் செசிலியின் வாக்கியம் வரும் இடத்தில் வாசிக்காமல் விட்டுவிட்டாள். டிரம்ஸ் மட்டும் நடந்தது. "அவரு கடலுக்குப் போயிட்டாரு, இன்னும் வரேல்ல." வாக்கியம் முடிந்த இடத்தில் பேஸ் மறுபடி உள்ளே வந்தது. அனில்குமார் கையைத் தூக்கி, "அத அப்பிடியே வையி," என்றான்.

செசிலிக்கு அனுப்பினார்கள். ஒரு குரல் செய்தி வந்தது. "இப்பம் சரி டீச்சர். ஆனா அந்தக் கொழலுகாரன் எனக்க வாய்க்கு மேல ஏறி வாறான். கொஞ்சம் பொறுத்து ஊதச் சொல்லுங்க." ஸ்டெனி முனகிக்கொண்டே குறைத்து ஊதினான். கொஞ்சம்தான் குறைத்தான்.

ஆல்பம் வெளியானபோது நாகர்கோவிலில் ஒரு சின்ன மண்டபத்தை எடுத்து வாசித்தார்கள். பிரீனாவின் அப்பா ஜெயசிங் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஆரம்பத்திலேயே காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. செசிலி தன் ஊர்ப் பெண்கள் சிலரோடு ஒரு வேனில் வந்திருந்தார். எல்லாரும் சுவரோரமாக ஒன்றாக உட்கார்ந்துகொண்டார்கள்.

ஐந்தாவது பாட்டில் காற்றின் இரைச்சல் மண்டபம் முழுக்க எழுந்ததும், ஒலிபெருக்கிக்காரர் ஏதோ பழுதாகிவிட்டதென்று பயந்து மேசைக்கு ஓடினார். அனில்குமார் கீபோர்டிலிருந்தே கையைக் காட்டி அவரை நிறுத்தினான். குரல் வந்தது. முன்னால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நாலுக்குப் பழகியவர்கள். ஏழில் கால் தடுமாறி ஒருவர்மேல் ஒருவர் மோதிச் சிரித்தார்கள். இரண்டு மூன்று சுற்றில் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வாக்கியம் வரும்போதெல்லாம் பிரீனாவின் கைகளுக்கு வேலை இல்லை. கம்பிகளின்மேல் விரல்களைச் சும்மா வைத்துக்கொண்டு நின்றாள். எண்ணுவதற்கும் அப்போது ஒன்றும் இல்லை. அவர் கடலுக்குப் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை. அவ்வளவுதான் செசிலி சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. சுவரோரம் பார்த்தாள். செசிலி ஆடவில்லை, அழவுமில்லை. பக்கத்திலிருந்த பெண்ணின் காதில் எதையோ சொன்னார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது செசிலி மேடையருகே வந்தார். கூடவே அந்தப் பெண். "இது சுனிதா. எனக்க வீட்டுக்குப் பக்கம்தான்," என்றார் செசிலி.

சுனிதா கொஞ்சம் கூச்சத்தோடு பேசினாள். "எனக்கும் ஒரு காரியம் பறயணும். எனக்க தம்பியப் பத்தி. செசிலியக்கா சொன்னாவ, நீங்க வெட்டாமப் போடுவியன்னு."

சரி என்று உடனே சொல்லிவிடத்தான் பிரீனாவுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் ஆல்பம் முடிந்துவிட்டது. அடுத்தது எப்போது, இருக்குமா என்பதுகூடத் தெரியாது.

"வெட்டாமப் பாட்டுச் செய்ய முடியாது அக்கா," என்றாள். "பாட்டு எப்ப வரும்னும் எனக்குத் தெரியாது. ஆனா வெட்டுனதும் முதல்ல உங்களுக்குத்தான் போட்டுக் காட்டுவோம். நீங்க சரின்னு சொன்னாத்தான் வெளிய வரும்."

சுனிதா செசிலியைப் பார்த்தாள். செசிலி தலையசைத்தார்.

கீபோர்டை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்த அனில்குமார் நிமிராமலே கேட்டான்: "எந்தக் கிழமை வந்தா உங்களுக்குச் சௌரியமா இருக்கும்?"

"புதனாழ்ச்சை," என்றாள் சுனிதா. "மத்தியானத்துக்குப் பொறவு."

வேன்காரர் வெளியே ஹாரன் அடித்தார். பெண்கள் செருப்புகளைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். பிரீனா ஸ்பீக்கர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்க, அனில்குமார் வந்து மறுபக்கத்தைப் பிடித்தான். படியில் பார்த்து இறங்கச் சொன்னான்.