நான்காவது போல்ட்

“ஸ்பேனரக் குடுடி” என்று வேன் கூரையில் குப்புறப் படுத்தபடி மரியசுந்தரம் கையைக் கீழே நீட்டினான்.

அன்னாமேரி எடுத்து நீட்டினாள். கை வாங்கவில்லை.

“இந்தாங்க, புடிங்க.”

கை தொங்கிக்கொண்டே இருந்தது. விளையாடுகிறான் என்று நினைத்து ஸ்பேனரால் அவன் விரலைத் தட்டினாள்.

மாரடைப்பு, கூரையிலேயே உயிர் போய்விட்டது என்று பாகூர் டாக்டர் சொன்னார். நாற்பத்தொரு வயது. காலையில் மூன்று இட்லி தின்றுவிட்டு, சட்னியில் உப்பு இல்லை என்று சொன்னவன்.

மடத்துச் சிஸ்டர்களின் மருத்துவ வேனுக்கு அவன்தான் டிரைவர். கரண்ட் இல்லாத ஊர்களிலும் தடுப்பூசி மருந்து கெடாமல் இருக்க, போன வருஷம் அதன் கூரையில் சோலார் பலகை பொருத்தினார்கள். பொருத்த வந்த ஆளிடம் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். ஞாயிறு பூசை முடிந்ததும் வேனை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து பலகையைத் துடைப்பான். இன்று, மழைக்கு முன்னால் அடி ரப்பரை மாற்றவென்று நான்கு போல்ட்டையும் கழற்றியிருந்தான்.

மூன்று மணிக்கு உடலை வீட்டில் கிடத்தினார்கள். அன்னாமேரி அழவில்லை. கையிலிருந்த ஸ்பேனரை யார் கேட்டும் தரவில்லை.

“அந்தக் கண்ணாடிலேர்ந்து கரண்ட் அடிச்சிருக்கும்டி” என்றாள் பக்கத்து வீட்டுக் காசம்மாள். “டாக்டருக்கு இன்னா தெரியும்?”

பேச்சு வாசலுக்குப் போனது. வேனை ஒட்டி நின்றவர்கள் விலகினார்கள். மரியசுந்தரத்தின் தம்பி யாகப்பன் கடப்பாரையோடு வந்தான்.

“எங்கண்ணன முழுங்கின சனியன ஒடச்சிப் போட்டாத்தான் ஆவும்.”

“வேணாம்பா யாகப்பா” என்று சிஸ்டர் லூர்து கெஞ்சினார். “நாளைக்கு வேற டிரைவர் வராரு. மடுகரைல பிள்ளைங்களுக்கு ஊசி போடணும்.”

“எந்தப் பிள்ளையாவது சாவட்டும்னா?”

அன்னாமேரி உடலருகிலிருந்து எழுந்து வெளியே வந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு வேனின் பின்பக்க ஏணியில் ஏறினாள்.

“அண்ணி, தொடாத! அண்ணி!”

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பலகைமேல் வைத்தாள்.

“சுடுது” என்றாள். “அவ்ளோதான்.”

பிறகு அவன் பாதி வைத்திருந்த ரப்பரை ஓரமாக அழுத்திவிட்டு, போல்ட்டுகளை மாட்டித் திருகத் தொடங்கினாள். மூன்று இறுகின. நான்காவது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வேனுக்குள் அதன் நட்டும் கூடவே சுற்றியது.

“ஏங்க,” என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், “உள்ள வந்து இந்த நட்டக் கொஞ்சம் புடிச்சிக்கோங்க.”

பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கயிற்றோடு அப்படியே நின்றார்கள். காசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்னாமேரி மறுபடியும் கூப்பிட்டாள்.

யாகப்பன் கடப்பாரையை மண்ணில் வைத்தான். வேன் கதவைத் திறந்து உள்ளே போனான்.

மேலே போல்ட் சுற்றுவது நின்றது.