நான்கு நாள் ராஜினாமா

மேனேஜர் பொங்கியண்ணன் நீட்டிய வெள்ளைத்தாளை, பனியன்களில் பழுது பார்க்கும் செக்கிங் மேசைமேல் வைத்தே அமராவதி எழுதினாள். சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. இரண்டாவது வரியை அவர் சொல்லவில்லை. கல்லூரிப் போட்டிக்காக ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்த வழக்கிலிருந்து அது கைக்குத் தானாக வந்துவிட்டது.

"நாலு நாளைக்குத்தானுங்க?"

"சும்மா பேப்பர்தான் கண்ணு. திங்கக்கெழம வந்துரு. நாளைக்கு ஜட்ஜம்மா ஆயிட்டு எங்களயெல்லாம் உள்ள போட்றாத." மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றப் போட்டி அது. எங்காவது வேலையில் இருப்பவர் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி. மதியம் வரை கோவையில் சட்டக் கல்லூரி, ரயிலில் திரும்பி மாலையிலிருந்து நல்லூர் பனியன் கம்பெனி என்று அவள் ஓடுவது கல்லூரி அணிக்குப் பொறுப்பான நிர்மலா மேடத்துக்குத் தெரியும். மறைத்துப் போய்ப் பிறகு தெரியவந்தால் அணியையே நீக்கிவிடுவார்கள், வேலையை விட்டுவிட்டு வா, இல்லையென்றால் வேறு ஆளைப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். மூச்சிரைப்பால் தையலை நிறுத்திவிட்ட அம்மா, ஆர்டர் குவியும் சீசன் நேரத்தில் இது எதற்கு என்றாள். வீட்டில் சம்பாதிப்பவள் அமராவதி மட்டும்தான். கோப்பைக்காகப் போகவில்லை என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தான் பேசி முடிக்கும்வரை நீதிபதி இருக்கையில் மூன்று பேர் வேறெங்கும் பார்க்காமல் கேட்டாக வேண்டும். அப்படி ஒரு இடத்தில் ஒருமுறை நிற்க வேண்டும்.

சென்னையில் நின்றாள். மிரட்டி ராஜினாமா எழுதி வாங்கினார்கள் என்று ஒரு மில் தொழிலாளி தொடுத்த வழக்கு. சீட்டுக் குலுக்கியதில் அமராவதிக்கு நிர்வாகத்தின் தரப்பு வந்தது. வேறு வருமானம் இல்லாத பெண் தானாக வேலையை விடுவாளா என்று நடுவில் இருந்த நீதிபதி கேட்டார். கடிதம் அவள் கையால் எழுதியது, வற்புறுத்தல் இல்லை என்று அவளே சொல்கிறாள், தொழிலாளியின் சொல்லையே நம்பாவிட்டால் நீதிமன்றம் வேறு யாரை நம்பும் என்றாள் அமராவதி. அவர் முறுவலித்துக் குறித்துக்கொண்டார். உடம்பெல்லாம் ஒரு இனிப்பு பரவியது. சிறந்த பேச்சாளர் பதக்கம் அவளுக்குத்தான். ஊர் திரும்பும் ரயிலில் அந்தப் பதிலை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை அவள் இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தாள்.

ஆர்டர் அவசரம், காத்திருக்க முடியவில்லை, புதுப் பெண் காலையிலிருந்து ஒன்றரை ஷிப்ட்டும் நிற்கிறாள் என்றார் பொங்கியண்ணன். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"நீங்கதானுங்க வரச் சொன்னீங்க?"

"சொன்னேன் கண்ணு. ஆனா, யாரும் வற்புறுத்தலைன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கயே. நான் அந்த வார்த்தையக் கேக்கக்கூட இல்லியே."

தொழிலாளியின் தரப்பையும் அவள் தயாரித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வாதமும் வரிசை மாறாமல் மனதுக்குள் எழுந்தது. அவர் அதற்குள் போனை எடுத்து யாரிடமோ அட்டைப்பெட்டி வரவில்லை என்று பேசத் தொடங்கியிருந்தார்.

மேசையில் அந்தப் பெண் ஒரு பனியனுக்குள் கையை நுழைத்து, விரல்களை விரித்து, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். துணியிலிருந்த சின்ன ஓட்டை வழியே ஆள்காட்டி விரலின் நுனி வெளியே தெரிந்தது. அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை. கையை உருவி, மடித்து, நல்ல பீஸ்களோடு அதையும் அடுக்கினாள். அடுத்ததை எடுத்தாள்.