எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’

கீழ் வரிசை முன்பல் இரண்டு ஆட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. துப்பினால் ரத்தம், விடிந்தால் தலையணை உறையில் கறை. பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க, உங்க சொல்லை இந்த வீட்டில யாரு கேக்கறா, போனாப் போகட்டும், மெல்றதுக்காவது பல்லு வேணுமில்ல என்று சொல்லி என் வீட்டுக்காரிதான் பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நான் கிடங்கில் மூட்டை அடுக்குகிறவன். இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டால் மறுநாளே வேலைக்குப் போய்விடலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

முன்னறையில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டி நிரப்பித் தரச் சொன்னாள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். யாரையும் கேட்காமல் விரல் வைத்து வாசித்தேன். ரத்தக் கொதிப்பு உண்டா, சர்க்கரை உண்டா, புகை உண்டா. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் கோடு போட்டேன். அதில் ஒன்று மட்டும் பொய். கிடங்கிலும் வருஷத்துக்கு ஒரு முறை இப்படி ஒரு தாள் வரும். யாரும் ‘ஆம்’ போடமாட்டோம். சர்க்கரைக்காரர் ஒருவர் அடுக்கின் உச்சியில் மயங்கி விழுந்ததிலிருந்து, சர்க்கரை என்று சொன்னவனை ஏணி ஏற விடுவதில்லை. கீழே நிற்கிறவனுக்குக் கூலி பாதி. எனக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருஷம். கை அதன் பழக்கத்துக்குக் கோடு போட்டுவிட்டது. வீட்டுக்காரி பக்கத்திலேயே இருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

டாக்டரம்மா கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்தார். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு என்று அவர் சொல்லச் சொல்ல உதவிக்கு நின்ற பெண் எழுதினாள். ஏழு என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. மூட்டை எண்ணுகிறவனுக்கு எண்ணிக்கை ஏறினால் நல்லதுதானே. அப்புறம்தான் தெரிந்தது, ஈறு பல்லை விட்டு விலகிய பள்ளத்தின் ஆழமாம் அது. மூன்று மில்லிமீட்டர் வரை பரவாயில்லை, ஐந்தைத் தாண்டினால் வீட்டில் துலக்குவது உள்ளே எட்டாதாம்.

எக்ஸ்ரேயில் எலும்பு கரைந்திருந்தது, ஆனால் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதனால் பிடுங்க மாட்டேன் என்றுவிட்டார். மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரைக்கும் சுரண்டிச் சுத்தம் செய்வேன், மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பேன், அப்போதும் இறங்காத பள்ளம் இருந்தால்தான் ஈறு நிபுணர் என்றார். வருகிறவரையெல்லாம் அங்கே அனுப்பினால் அங்கே வரிசை நகராதாம். வேறு வியாதி இல்லாதவர் என்பதால் உங்களுக்குச் சுரண்டலே போதும் என்று தாளைப் பார்த்துச் சொன்னார். அப்போது என் வாய் திறந்துதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து காட்டினேன்.

சுரண்டலுக்கு இரண்டு அரைநாள் போயிற்று. அதற்குப் பிறகு மூட்டை சுமந்த கையால் தினமும் இரண்டு வேளை துலக்கி, பல் இடுக்குக்கென்று கொடுத்த குட்டித் தூரிகையையும் விட்டுக் குடைந்தேன். மூன்று மாதம் கழித்து அளந்தார். ஐந்து ஐந்தாகவே இருந்தது. ஏழு எட்டாகியிருந்தது.

டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவருக்கு நான் எத்தனையாவது வாயோ, கண் சோர்ந்துபோயிருந்தது. ஒழுங்காகத் துலக்குகிறாரா என்று கேட்டார். தொட்டித் தண்ணி தீர்ற வரைக்கும் நகர மாட்டாரும்மா என்று வீட்டுக்காரி சாட்சி சொன்னாள்.

“அழுக்கே இல்ல. அப்புறம் ஈறு ஏன் ஆறல? நான்தான் எங்கயோ தப்பு விட்டிருக்கேன்” என்று பழைய தாள்களைப் புரட்டினார்.

“மாத்திரையை ஒழுங்காப் போட்டாத்தானே எந்தப் புண்ணும் ஆறும்” என்றாள் இவள்.

“எந்த மாத்திரை?”

“சக்கரை மாத்திரைதாம்மா.”

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முதலிலேயே தெரிந்திருந்தால் ரத்தச் சோதனை பார்த்து, சர்க்கரை டாக்டருக்கும் எழுதியிருப்பேன், நிபுணரையும் அப்போதே கேட்டிருப்பேன் என்றார். பிறகு நிபுணருக்குக் கடிதம் எழுதினார். பல் நிற்குமா என்று கேட்டேன்.

“சக்கரை இறங்கினா நிக்கலாம். இறங்கலைன்னா நிபுணரும் ஈறைக் கீறக் கத்தியைத் தொட யோசிப்பாங்க. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை. வேலை செய்யற இடத்தில சொல்லாம இது நடக்காது.”

அடுக்கின் மேல் ஏறினால் நான்கு மணி நேரம் இறங்க முடியாது. அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

மறுநாள் சூப்பர்வைசரிடம், நிபுணரைப் பார்க்க வியாழக்கிழமைக்கு லீவு கேட்டேன். பல்லுக்கெல்லாம் லீவா, மூட்டையை வாயிலயா கவ்வித் தூக்கறே என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

“பல்லு மட்டும் இல்லண்ணே. எனக்குச் சக்கரை இருக்கு. ரெண்டு வருஷமா.”

அவர் லீவு கொடுத்தார். ஏணியை வேறொருவனிடம் விடச் சொன்னார்.

அன்றிலிருந்து கீழே நின்று மூட்டை வாய் தைக்கிறேன். அன்று மதியம் வேளைக்கு மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மேலே அடுக்குகிறவர்களில் ஒருவன் இறங்கி வந்து நான் போகிற ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம் போகணும் என்று மெதுவாகக் கேட்டான். வழி சொன்னேன். பல்லுக்கா சர்க்கரைக்கா என்று கேட்கவில்லை.