டீக்கனாரின் பாய்

வெயில் முதுகில் ஏறிவிட்டது. பாயை இன்னும் யாரும் தூக்கவில்லை.

சியாகியின் வீட்டு முற்றம் முழுக்கக் கூர்கூரான பவளக்கல். அதன்மேல் விடிவதற்கு முன்பிருந்தே முழங்காலில் இருந்தார்கள். முன்னால் லாரி டிரைவர் தோவியாவும் அவன் குடும்பத் தலைவரான பெரியப்பாவும். இருவர் தலையையும் மூடிப் பட்டுப்போல மெல்லிய ஒரு பாய். பின்னால் தோவியாவின் மனைவி லோசா, தலைக்கு மறைப்பில்லாமல். அவளுக்கு எதிரே ஒரு கட்டு விறகும் அடுப்புக் கற்களும் வாழையிலையும் இருந்தன. எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி, உங்கள் இஷ்டம் என்று அதற்கு அர்த்தம்.

வீட்டுக்குச் சுவர் கிடையாது. தூண்களுக்கு நடுவே சியாகியும் அவன் மனைவி மலியாவும் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. வாசலை ஒட்டி, தோவியாவின் லாரியில் அடிபட்டுச் செத்த அவர்கள் மகள் லுபேயின் சமாதி. சிமெண்ட் இன்னும் காயவில்லை. அந்தத் தீவின் வழக்கப்படி சியாகி எழுந்து வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் தோவியாவின் குடும்பம் ஊரில் இருக்க முடியாது. வீட்டைக் கொளுத்திவிடுவார்கள். மன்னித்தார்கள் என்றால் நீதிபதியும் தண்டனையைக் குறைப்பார். அதற்காகத்தான் போலீஸ்காரரே தோவியாவைக் கூட்டிவந்துவிட்டு, சாலையோரம் ஜீப்பில் காத்திருந்தார்.

சியாகியின் தம்பி வெட்டுக்கத்தியோடு பாயைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்னடா, லாரியில உக்காந்திருந்தப்ப தெரியலையா தலையைக் குனிய? இப்ப பாய்க்குள்ள பூந்துக்கிட்டியே, பெருச்சாளி!"

பதில் சொல்லக் கூடாது. பாய்க்குக் கீழே போனவனுக்கு வாய் கிடையாது.

அந்த வழக்கத்தை நம்பித்தான் சபை டீக்கனார் எனெலிகோ பாயைக் கொடுத்தார்.

லாரி அவருடையது. தோட்டத்துச் சேப்பங்கிழங்கு மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற லாரி. பிரேக் பிடிக்கவில்லை என்று தோவியா அவரிடம் சொல்லாத நாளில்லை. "சாமான் கப்பல்ல வரணும்டா. அதுவரைக்கும் ஜெபம் பண்ணிட்டு ஓட்டு" என்பார். லுபே அடிபட்ட அன்று மத்தியானம் தோவியா இரண்டு பாட்டில் பீர் குடித்திருந்தான். அதுவும் பொய்யில்லை. குடித்ததும் உண்மை, பிரேக் பிடிக்காததும் உண்மை. லாரியை டீக்கனாரின் கொட்டகைக்கே இழுத்துப் போனார்கள். கப்பலில் வரவேண்டிய சாமான் எங்கிருந்தோ மறுநாளே வந்து சேர்ந்தது; பிரேக்கும் சரியாகிவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் அவர் பாயோடு லோசாவிடம் வந்தார். தோவியா ஸ்டேஷனில் இருந்தான். இவர்கள் வீட்டுப் பாய் மாமனார் சாவுக்குச் சீராகப் போய்விட்டது என்பது அவருக்குத் தெரியும். இந்தப் பாயோ அவருடைய அம்மா நெய்தது, ஊரே கண் வைத்த பாய்.

"இந்தா தங்கச்சி. இதைப் பார்த்தா சியாகி மனசு இளகிடும். ஒண்ணுதான். பிரேக்கு கிரேக்குன்னு ஒரு வார்த்தை வெளிய வரக் கூடாது. வந்தா அது மன்னிப்பு கேக்குறது இல்ல, வக்காலத்து."

"பிரேக் பிடிக்கலைன்னு உங்களுக்கே தெரியுமே டீக்கனாரே."

"உன் புருஷன் குடிச்சிருந்தானா இல்லையா?"

குடித்திருந்தான் என்று லோசா தலையசைத்தாள்.

"அப்புறம் என்ன? பயப்படாதே. யாக்கோபு அப்பனை ஏமாத்தினவன். தாவீது அடுத்தவன் பொண்டாட்டியை எடுத்தவன். அதுக்காக ஆண்டவர் குடுத்த வாக்கை மாத்திட்டாரா? உன் புருஷனை மட்டும் கைவிட்டுருவாரா?"

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் சொன்ன வசனம் சரியாக இருந்ததே! அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அதே வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவளும் அழுதுகொண்டிருந்தாள். பாயை வாங்கிக்கொண்டாள்.

இப்போது உள்ளே அசைவு தெரிந்தது. எழுந்து வந்தது சியாகி இல்லை, மலியா. தம்பி கத்தியோடு குறுக்கே வந்தான்.

"அண்ணி, வேணாம். இன்னும் வேகட்டும்."

"தள்ளுடா. பெத்தவ நான்."

பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். தோவியாவின் முகம் வியர்வையும் கண்ணீருமாக இருந்தது. முழங்காலில் கல் குத்தி ரத்தம் வழிந்தது. அவளை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

"எந்திரி. நீ குடிச்ச. நான் உப்பு வாங்க அவளை ரோட்டுக்கு அந்தாண்ட அனுப்பினேன். நம்ம ரெண்டு பேரையும் ஆண்டவர் தள்ளமாட்டேன்னுதான் சொல்லியிருக்கார். உள்ள வா."

பெரியப்பா வாய்விட்டு அழுதார். லோசா அப்படியே கல்லில் சாய்ந்துவிட்டாள். மலியா வந்து தோளைப் பிடித்துத் தூக்கினாள். பிடித்தவள் விடவில்லை. காதோரம் குனிந்து கேட்டாள்.

"ஒண்ணு சொல்லு அக்கா. லாரி வரும்போது நான் 'லுபே'ன்னு கத்தினேன். அவ என்னைத் திரும்பிப் பார்த்துக்கிட்டு அங்கேயே நின்னுட்டா. நான் கத்தாம இருந்திருந்தா ஓடித் தப்பிச்சிருப்பாளா? லாரிதான் ஏன் நிக்கவே இல்ல?"

பிரேக் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண் இன்றைக்காவது தூங்குவாள். சொன்னால் தூக்கிய பாய் மறுபடியும் விழும். கத்தியோடு ஒருவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

"அவர் குடிச்சிருந்தார்மா" என்றாள் லோசா.

"குடிச்சிருந்தாலும் பிரேக்கில காலை வச்சு அமுக்கியிருப்பாரே" என்று முணுமுணுத்தாள் மலியா. "நான் கத்தியிருக்கக் கூடாது."

லோசா ஐயோ ஆண்டவரே என்று உள்ளுக்குள் கதறினாள்.

உள்ளே எல்லோரும் தூண்களில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். டீக்கனார் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்து இறங்கினார். சியாகி எதிரே போய் அவரைப் பெரியவர்களுக்கான தலைமைத் தூணருகே உட்காரவைத்தான். இளநீர் சீவி இரண்டு கையாலும் நீட்டினான்.

"ஒரு டிரைவருக்காக இந்தப் பாயைக் குடுக்க யாருக்குங்க மனசு வரும்? எங்க பிள்ளைக்கு இப்படி ஒரு மரியாதை செஞ்சிட்டீங்க."

"எல்லாம் ஆண்டவருடையது" என்றார் டீக்கனார்.

அவரையே ஜெபம் பண்ணச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகத்தான் பண்ணினார். பாவியாகிய தோவியாவுக்கும் வாக்கு மாறாத தேவனே என்றார். ஆமென் என்று முதலில் சொன்னவன் தோவியா. மலியாவின் கை லோசாவின் கைக்குள் இருந்தது.

போலீஸ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தோவியாவின் கையில் விலங்கு மாட்டினார். வெளியே போகிற வழி தலைமைத் தூணைத் தாண்டித்தான். உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து நடக்கக் கூடாது. தோவியா விலங்கிட்ட கைகள் தரையைத் தொடுமளவுக்குக் குனிந்து, குறுக்கே போவதற்கு டீக்கனாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான். டீக்கனார் இளநீரை வாயிலிருந்து எடுக்காமலே தலையை அசைத்தார்.